ஸ்டாரைக் கிண்டல் பண்ணணும்னா ஸ்டாரே உள்ள வரணும்: உதயனாணு தாரம், வெள்ளித்திரை, நம்ம கோடம்பாக்கம்

டூரிங்டாக்கீஸ்:

சினிமா உலகத்தையே கிண்டல் பண்ணி எடுத்த படம்னு பேச்சு வந்தா நம்ம ஆளுங்க 'தமிழ்ப்படம்'ங்கற ஸ்பூஃப் படத்துல ஆரம்பிச்சு அதுலயே முடிச்சிடறாங்க. அது நல்ல படம், அதுல சண்டையே இல்ல. ஆனா அது கிண்டல் பண்றது படங்களை, படம் எடுக்கற தொழிலை இல்ல. ஹீரோ ஓப்பனிங் சாங், ஒரே பாட்டுல கோடீஸ்வரன் ஆகறது எல்லாம் திரைக்கு முன்னாடி நடக்கற விஷயம். யார் கதை, யார் காசு, போஸ்டர்ல யார் மூஞ்சி பெருசா வரும்னு திரைக்குப் பின்னாடி நடக்கறதை வச்சு காமெடி பண்ண படம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது 2005ல வந்த மலையாளப் படம் உதயனாணு தாரம். ரோஷன் ஆண்ட்ரூஸுக்கு அதான் முதல் படம், திரைக்கதை வசனம் ஸ்ரீனிவாசன்.

பாக்காதவங்களுக்காக கதை. உதயபானு (மோகன்லால்) பல வருஷமா அசிஸ்டென்ட் டைரக்டர், கையில சொந்த ஸ்கிரிப்ட் ஒண்ணு ரெடியா வச்சிருக்கான். கூட இருக்கற ஃப்ரெண்டு ராஜப்பன் (ஸ்ரீனிவாசன்) ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். அவன் அந்த ஸ்கிரிப்டைத் திருடி, நான்தான் ஹீரோங்கற கண்டிஷனோட ஒரு ப்ரொட்யூசர்கிட்ட குடுத்து நடிச்சு, படம் ஹிட்டாகி, ராஜப்பனா இருந்தவன் சூப்பர்ஸ்டார் சரோஜ்குமார் ஆயிடறான். உதயனுக்கு வேலை போகுது, வீட்டுல நிம்மதி போகுது, பெண்டாட்டியும் பிரிஞ்சு போறா. ஒருவழியா டைரக்ட் பண்ண சான்ஸ் கிடைக்கும்போது ப்ரொட்யூசர் போடற கண்டிஷன் என்ன தெரியுமா, ஹீரோ சரோஜ்குமாரா இருக்கணும். தன் கதையைத் திருடுனவனுக்கே போய் கதை சொல்லணும், அவன் வைக்கிற எல்லாத்துக்கும் தலையாட்டணும். பாதி படத்துல சரோஜ்குமார் விட்டுட்டுப் போக, உதயன் அவனுக்கே தெரியாம கேமராவை ஒளிச்சு வச்சு மீதியை எடுத்து முடிக்கிறான்.

இதையே 2008ல வெள்ளித்திரைன்னு தமிழ்ல எடுத்தாங்க. வசனகர்த்தா விஜி டைரக்ஷன், பிருத்விராஜ் அசிஸ்டென்ட் டைரக்டர், பிரகாஷ்ராஜ் திருடுற நடிகர், திலீப்காந்துன்னு பேர் மாத்திக்குவாரு. ஜி.வி.பிரகாஷ் மியூசிக். மோசமான படம்லாம் இல்ல, நல்லாவே எடுத்திருந்தாங்க. ஆனா மலையாளத்துல இருந்த உறைப்பு இதுல வரல, ஏன் வரலன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். என் முடிவு இதுதான். மலையாளத்துல காமெடியோட பாதி கதையிலயே இல்ல, காஸ்டிங்ல இருக்கு. ஊரே கும்பிடற சூப்பர்ஸ்டார் தோத்துப்போன அசிஸ்டென்ட் டைரக்டரா நிக்கிறாரு, அவருக்கு எதிர்ல ஸ்டார்னு தலை நிமிர்ந்து உக்காந்திருக்கறவரு அதே படத்தோட ரைட்டர். அந்தத் தலைகீழ்தான் கிண்டலே. பிருத்விராஜ் நல்ல நடிகர், ஆனா 2008ல தமிழ் ஆடியன்ஸுக்கு அவர் ஸ்டார் கிடையாது, 'மொழி' படத்துல நடிச்ச நல்ல பையன், அவ்வளவுதான். அவர் கஷ்டப்பட்டா பாவம்னு இருக்கு, அதைத் தாண்டி ஒண்ணும் நடக்கல.

இதுக்கு மேல ஒரு படி போய் சொல்றேன், எங்க தப்புன்னு நீங்க சொல்லுங்க. நம்ம ஊர்ல சினிமாவை சினிமா கிண்டல் பண்ணலாம், ஆனா அது காமெடி டிராக்குக்குள்ளயே இருக்கணும். ஹீரோ மேல அது படக்கூடாது.

நாஞ்சில்ஜெஸி:

நீங்க சொன்ன காஸ்டிங் விஷயத்துல இன்னும் ஒரு அடுக்கு இருக்கு, மலையாளப்படம் தியேட்டர்ல பாத்தே வளர்ந்த எங்க ஊர்க்காரங்களுக்கு அது சட்டுனு பிடிபடும். மோகன்லாலும் ஸ்ரீனிவாசனும் சேந்தா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது 1987ல வந்த நாடோடிக்காற்று, தாசனும் விஜயனும். வேலையில்லாத ரெண்டு பயலுவ துபாய்க்குப் போறோம்னு ஏமாந்து மெட்ராஸ் கடற்கரையில வந்து இறங்குவானுவ. அதுலயே ஸ்ரீனிவாசன் கேரக்டருக்கு நடிக்க சான்ஸ் கேக்கணும்னு ஆசை வந்து டைரக்டர் ஐ.வி.சசி வீட்டுக்கே போவாரு, சசியும் சீமாவும் அவங்களாவே வருவாங்க. அந்த விஜயன் 18 வருஷம் கழிச்சு ஸ்டார் ஆகி வந்து தாசன் கதையைத் திருடிட்டான்னு நினைச்சுப் பாருங்க, உதயனாணு தாரம் பாக்க உக்காந்த மலையாளிக்கு இது உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கும். வெள்ளித்திரைக்கு அப்படி ஒரு பழைய ஞாபகம் பின்னாடி இல்ல. ரீமேக் ரைட்ஸ்ல அது வராது பாத்துக்கிடுங்க.

இன்னொண்ணு. 1993 தேவாசுரம், 1997 ஆறாம் தம்புரான், 2000 நரசிம்மம்னு மீசை முறுக்கற தம்புரான் படங்களா மோகன்லால் கொட்டிக்கிட்டு இருந்தாரு. சரோஜ்குமார் பேசற பஞ்ச், நடக்கற நடை, இருட்டுலயும் கழட்டாத கூலிங் கிளாஸ் எல்லாம் அந்த மாதிரி படங்களைத்தான் குத்துது. அந்தக் குத்து விழறப்போ அதே ஃப்ரேம்ல மோகன்லால் நிக்கிறாரு. அவர் சம்மதிச்சுத்தான் அது நடக்குது. நீங்க சொல்ற தலைகீழ்ல எனக்குப் பெரிய விஷயம் அந்தச் சம்மதம்.

அந்தச் சம்மதம் இல்லாம என்ன ஆகும்னும் பாத்தாச்சு. 2012ல அதே சரோஜ்குமாரை வச்சு ஸ்ரீனிவாசன் இன்னொரு படம் எழுதுனாரு, பத்மஸ்ரீ பரத் டாக்டர் சரோஜ்குமார். இதுல மோகன்லால் கிடையாது. பட்டம், பதவி, ராணுவ மரியாதைன்னு ஒவ்வொண்ணும் நேரா ஒரு ஆளை நோக்கியே போகுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எழுதுனது அதே ஆள், நடிச்சது அதே ஆள், கேரக்டரும் அதே. ஆனா முதல் படத்துல சிரிச்ச எனக்கு இதுல ஒரு இடத்துலயும் சிரிப்பு வரல. மனக்கசப்பை உக்காந்து பாத்த மாதிரி இருந்துச்சு.

மாட்டுத்தாவணி:

டூரிங் அண்ணே, வெள்ளித்திரையை ரொம்பத் தள்ளி வைக்கிறீங்க. பிரகாஷ்ராஜ் அதுல பண்ணுன வேலையைப் பாருங்க. கண்ணையனா இருக்கும்போது உடம்பைக் குறுக்கிக்கிட்டு அண்ணே அண்ணேன்னு சுத்தி வருவாரு, திலீப்காந்த் ஆனதும் அதே உடம்பு நிமிர்ந்துரும், எதிர்ல இருக்கறவனைப் பாக்காமலே பேசுவாரு. அதுவும் படத்தைத் தயாரிச்சதே அவரு. ஒரு நடிகர் சொந்தக் காசைப் போட்டு நடிகனைக் கேவலமா காட்டற கேரக்டரை எடுத்து நடிக்கிறாருன்னா அதுக்கு மரியாதை குடுக்கணும்ல?

அப்புறம் ஹீரோ மேல படக்கூடாதுங்கறீங்க, ஜிகர்தண்டாவை எங்க வைக்கிறீங்க? 2014. எங்க ஊரு ரவுடி அசால்ட் சேதுவை வச்சு ஒரு பையன் கேங்ஸ்டர் படம் எடுக்க வர்றான், சேது நானே ஹீரோங்கறான், நடிப்பு சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியார் வர்றாரு, கடைசியில அது அ.குமார்னு காமெடி படமாகி ஓடு ஓடுன்னு ஓடுது. பாபி சிம்ஹாவுக்கு தேசிய விருதே கிடைச்சுச்சு. ப்ரொட்யூசர் என்ன கேக்கறாரு, ரவுடி என்ன கேக்கறான், டைரக்டர் என்ன விட்டுக்குடுக்கறான்னு மூணும் இருக்கு அதுல. இதுக்கு மேல தொழிலைப் பத்தி என்ன சொல்லணும்ங்கறீங்க?

கிளாப்போர்டு:

அசோசியேட் டைரக்டரா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க.

எல்லாரும் இந்தப் படத்தை ஸ்டார் கிண்டல்னே பாக்கறீங்க. எனக்கு உதயனாணு தாரத்துல வலிச்ச இடம் ஸ்டார் இல்ல. ராஜப்பன் ஸ்கிரிப்டைத் தூக்கிட்டுப் போறான் சரி, அதை வாங்குன ப்ரொட்யூசர் இது யார் எழுதுனதுன்னு ஒரு வார்த்தை தோண்டிக் கேக்கல. ஏன் கேக்கணும்? அவருக்கு வேண்டியது கதை, அது வந்துருச்சு. இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு அதுதான் நெஞ்சுல அடிக்கும். ஒரு ஆபீசுக்குப் போய் ரெண்டரை மணி நேரம் கதை சொல்லுவோம். பாட்டு எங்க வருது, இன்டர்வெல் பிளாக் என்ன, எல்லாம் நடிச்சுக் காட்டுவோம். நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்பறேன்பாங்க. அதுக்கப்புறம் ஃபோன் எடுக்க மாட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு எங்கயோ ஒரு டீஸர்ல நம்ம இன்டர்வெல் பிளாக் ஓடும். எனக்கு நடந்திருக்கு, எந்த ஆபீஸ்னு இங்க எழுத மாட்டேன். போய்க் கேட்டா இந்த மாதிரி ஐடியா யாருக்கு வேணா வரும்னுதான் பதில், அதை இல்லன்னு நிரூபிக்க என்கிட்ட என்ன இருக்கு? நான் சொன்னது வாய்ல.

அதனாலதான் எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணி வச்சிரு பதிவு பண்ணி வச்சிருன்னு சீனியருங்க தலைபாடா அடிச்சிக்கறாங்க. 2018ல சர்கார் பிரச்சினை ஞாபகம் இருக்கும். செங்கோல்னு பதிவு பண்ணின கதையோட அடிப்படை இதுல இருக்குன்னு வருண் ராஜேந்திரன் சங்கத்துக்குப் போனாரு, தலைவரா இருந்த பாக்யராஜ் சார் ஒத்துமை இருக்குன்னு சொன்னாரு, முருகதாஸ் தரப்புல காப்பி இல்லன்னாங்க, ஹைகோர்ட் வரைக்கும் போய் கடைசில படத்துல அவருக்கு நன்றி சொல்லி கார்டு போட்டு முடிஞ்சுது. சரி தப்பு நான் சொல்ல வரல. அவ்வளவு பெரிய படத்துக்கே பேப்பர்ல பதிவு இருந்ததாலதான் பேச்சுவார்த்தைன்னு ஒண்ணு நடந்துச்சு. பேப்பர் இல்லாதவன் கதி உதயன் கதிதான்.

அதோட அந்தப் படத்தில உதயன் போலீஸ், கேஸ்னு போய் ஜெயிக்கல பாருங்க, அங்கதான் ஸ்ரீனிவாசன் தொழில் தெரிஞ்ச ஆள்னு புரியும். மறுபடி அதே ஸ்டார்கிட்ட டேட்ஸ் கேட்டு நிக்க வச்சாரு. திருடுனவன்கிட்டயே கால்ஷீட் கேக்கற நிலமை. நெஜத்துல அப்படித்தான் நடக்கும். ஃபைனான்ஸ் பண்றவரு கதையைப் பாத்து பணம் தர்றதில்ல, ஸ்டார் டேட்ஸைப் பாத்துத் தர்றாரு, டேட்ஸ் கைல இருந்தாத்தான் ஏரியா ஏரியாவா படத்தை விக்கற ஏரியா வியாபாரமே பேச முடியும். இந்தச் சங்கிலி இருக்கற வரைக்கும் சரோஜ்குமார் ஒருத்தரு போனா இன்னொருத்தர் வருவாரு.

பழையரீல்:

டூரிங் தம்பி சொன்ன காமெடி டிராக் பாயிண்டுக்கு மூலம் எங்க இருக்குன்னு சொல்றேன். 1964, காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதர் படம், கோபு கூட உக்காந்து எழுதுனது. படம் காதல் படம், ஜோடிங்க பாடிக்கிட்டு இருக்கும். ஆனா நடுவுல நாகேஷ் செல்லப்பாவா வந்து ஓஹோ ப்ரொடக்ஷன்ஸ்னு கம்பெனி ஆரம்பிப்பாரு பாருங்க, அது தனியா ஒரு படம். கம்பெனிக்குப் பேர் இருக்கு, டைரக்டர் இருக்காரு (அவரேதான்), ஹீரோயின் தேடியாச்சு, எஸ்டேட் மேனேஜர் பொண்ணு சச்சு. இல்லாதது ஒண்ணே ஒண்ணு, பணம். அதுக்கு அப்பா பாலையா இருக்காரு. அவர் தர மாட்டேங்கறாரு.

அந்தக் கதை சொல்ற சீனை சும்மா சிரிச்சுட்டுப் போயிடறோம், ஒருதடவை நிதானமா பாருங்க. அதுல கதைன்னே ஒண்ணு இருக்காது. காத்து சத்தம், கதவு சத்தம், நடை சத்தம், இருட்டு, இவ்வளவுதான். நாகேஷ் எதையும் சொல்ல மாட்டாரு, சத்தத்துலயும் கண்ணுலயும் கையிலயுமே ஓட்டுவாரு. பாலையா முதல்ல அலட்சியமா உக்காந்திருப்பாரு, அப்புறம் மூஞ்சி மாறும், வேர்க்கும், ஒண்டிக்கிட்டே போவாரு. கேக்கறவன் பயந்துட்டா கதை நல்லா இருக்குன்னு அர்த்தம், அவன் எதுக்குப் பயந்தான்னு அவனுக்கே தெரியாது. கிளாப்போர்டு தம்பி ரெண்டரை மணி நேரம் நடிச்சுக் காட்டறோம்னு எழுதினாரே, அந்த வழக்கம் 60 வருஷமா அப்படியே இருக்கு. எழுத்தைப் படிச்சு முடிவு பண்ற பழக்கம் இங்க வேர் விடவே இல்ல. வாய்ல சொல்றதாலதான் திருட்டும் சுலபமாயிடுது.

அதே வருஷம் சர்வர் சுந்தரமும் வந்துச்சு. பாலசந்தர் எழுதி கிருஷ்ணன் பஞ்சு டைரக்ட் பண்ணது, அதுல ஹோட்டல் சர்வர் சினிமா ஸ்டார் ஆவாரு. அது கிண்டல் படம் இல்ல, ஆனா ஸ்டூடியோக்குள்ள பாட்டு ரெக்கார்டிங் எப்படி நடக்குதுன்னு எம்.எஸ்.வி.யையும் டி.எம்.எஸ்.ஸையும் வச்சே காட்டினாங்க. ரெண்டு படத்துலயும் சினிமா ஆசை பிடிச்சவர் நாகேஷ்தான்! ஹீரோ மூஞ்சி இருக்கறவங்களுக்கு அந்த ரோலைக் குடுத்திருக்க மாட்டாங்க. உங்க கட்சிக்கு இது சாட்சி.

ஸ்பூஃப்ரசிகன்:

ஒரு முக்கியமான விஷயத்தை யாருமே சொல்லல. ஸ்டாருக்கே தெரியாம கேமரா ஒளிச்சு வச்சுப் படம் எடுக்கறது ஸ்ரீனிவாசன் யோசிச்சது இல்லைங்க. 1999ல பௌஃபிங்கர்னு ஒரு இங்கிலீஷ் படம், ஸ்டீவ் மார்ட்டின் எழுதி நடிச்சது, ஃப்ராங்க் ஆஸ் டைரக்ஷன். எடி மர்ஃபி பெரிய ஸ்டார், அவர் நடிக்க முடியாதுன்னுட்டாரு, உடனே இவங்க ரோட்டுல அவர் போற வழியில போய் நடிகர்களை நிறுத்தி டயலாக் பேச வச்சு தூரத்துல இருந்து ஷூட் பண்ணுவாங்க. அவருக்கு யாரோ வேற்றுகிரகக்காரன் துரத்தறான்னு பைத்தியமே பிடிக்கும். கதைத் திருட்டைப் பத்தி எடுத்த படத்தோட க்ளைமாக்ஸே இன்னொரு படத்துல இருந்து வந்திருக்குன்னா அதை எப்படி எடுத்துக்கறது?

தமிழ்ப்படத்தையும் ஒரே வரில தள்ளிட்டீங்க. 2010ல அமுதன் அதை எடுத்தப்போ பெரிய ஸ்டார்களோட சீனை எல்லாம் பேர் சொல்லாம நேரடியாவே செஞ்சாங்க, தியேட்டர்ல அதே ஸ்டாரோட ரசிகர்களே கைதட்டினாங்க. அதுக்கு முன்னாடி அப்படிப் பண்ண முடியும்னே யாரும் நம்பல. அந்தக் கதவைத் திறந்தது அந்தப் படம்தான்.

டூரிங்டாக்கீஸ்:

பௌஃபிங்கர் விஷயம் நெஜம்தான், பேசியாகணும். ஐடியா அங்க இருந்துதான் வந்திருக்குன்னு ரெண்டையும் பாத்த யாருக்கும் தெரியும், அதை மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்ல. படத்துல அதுக்கு நன்றின்னு ஒரு கார்டு போட்டிருந்தா அந்தப் படத்துக்கே எவ்வளவு கௌரவமா இருந்திருக்கும், அதுவும் இந்தக் கதைக்கு. இது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கற விஷயம்.

ஆனா ரெண்டு படமும் அந்த ஐடியாவை வச்சு போற திசை வேற. பௌஃபிங்கர்ல டைரக்டர் கையில இருக்கறது 2,184 டாலர், சின்ன வயசுல இருந்து வாரம் ஒரு டாலரா சேத்தது. அந்தக் காசுல ஹாலிவுட் படம் எடுக்கணும். கேமராமேன் கேமராவை ஸ்டூடியோவுல இருந்து யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வர்றான். பார்டர் தாண்டி வந்த மெக்ஸிகோ ஆளுங்களை க்ரூவா சேத்துக்கறாங்க, படம் முடியறதுக்குள்ள அவங்க உலக சினிமா பத்தி விவாதம் பண்ற அளவுக்கு வந்துடறாங்க. நாய்க்கு ஹை ஹீல்ஸ் போட்டு கார் பார்க்கிங்ல நடக்க வச்சு ஸ்டாரைப் பயமுறுத்துவாங்க, அந்த சீன் இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது. எல்லாருமே ஃபிராடு, எல்லாருக்குமே சினிமா மேல உண்மையான பாசம், ரெண்டும் ஒண்ணா இருக்கு. கடைசில தன் படம் திரையில ஓடறதை அந்த டைரக்டர் வாயைப் பிளந்து பாத்துக்கிட்டு இருப்பாரு பாருங்க, அவ்வளவு நேரம் பண்ணின ஏமாத்து வேலை எல்லாம் இதுக்காகத்தான்னு புரியும். உதயனாணு தாரத்துல உதயன் சுத்தமான ஆள், பாதிக்கப்பட்டவன், அவன் ஒளிச்சு எடுக்கறது பழிவாங்கல் மாதிரி, நியாயம் மாதிரி வருது. அங்க அது பிழைப்பு.

மாட்டுத்தாவணி, ஜிகர்தண்டா நீங்க சொன்னது சரியான அடி. ஆனா அதுல கிண்டல் விழறது யார் மேலன்னு பாருங்க, நடிக்கத் தெரியாத ரவுடி மேல. நெஜ ஸ்டார் மேல கை வைக்கிறது கடைசில மட்டும்தான், டைரக்டர் பையன் ஆளுங்களை வச்சு ஸ்டாரை மிரட்டி டேட்ஸ் வாங்கற மாதிரி வரும்ல, விஜய் சேதுபதியே அந்த ஸ்டாரா வந்து போவாரு. படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது, ரவுடி நடிகன் ஆயிட்டான், டைரக்டர் ரவுடி ஆயிட்டான். அதுல இருந்து ஒரு முழுப்படமே எடுத்திருக்கலாம், கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிட்டாங்க.

நாஞ்சில்ஜெஸி:

கதை சொல்ற சீன்னு பழையரீல் ஐயா சொன்னதும் அழகிய ராவணன் ஞாபகம் வந்துட்டு. 1996, கமல் டைரக்ஷன் (நம்ம கமல்ஹாசன் இல்ல, அங்க உள்ள டைரக்டர் கமல்), எழுதுனது மறுபடி ஸ்ரீனிவாசன். மம்மூட்டி கைல பணத்தோட சொந்த ஊருக்கு வந்து படம் எடுக்கப் போறேம்பாரு. ஊருல தையல்கடை வச்சிருக்கற அம்புஜாக்ஷனா ஸ்ரீனிவாசன் தான் எழுதுன நாவலைப் படமாக்குங்கன்னு வந்து உக்காந்து கதை சொல்லுவாரு, விறகுவெட்டி, அவன் பொண்ணு சுமதி, அவளைக் காதலிக்கற தையல்காரன். நாகேஷ் சீன்ல கதை இல்ல, சொல்ற திறமை இருக்கு. இங்க கதை மூட்டை மூட்டையா இருக்கு, கேக்கற ஆளுக்குப் பொறுமை இல்ல. அந்தக் கதையையே தனிப் படமா 2015ல எடுத்தாங்கன்னா பாத்துக்கிடுங்க அந்த சீன் எவ்வளவு தூரம் போச்சுன்னு.

உதயனாணு தாரத்துல ஜகதி ஸ்ரீகுமார் பண்ண பச்சாளம் பாஸியைப் பத்தி யாருமே வாயைத் திறக்கலியே! ராஜப்பனுக்கு முகபாவம் சொல்லிக்குடுக்கறேன்னு உக்காந்து நவரசம் காட்டுவாரு, ஒன்பதும் முடிஞ்ச பிறகு அது போதாதுன்னு தானே கண்டுபிடிச்ச ரசத்தையும் காட்டுவாரு. அந்த மூஞ்சி ஒரு நிமிஷம் எங்கெங்கயோ போயிட்டு வரும், பக்கத்துல ஸ்ரீனிவாசன் அதைப் பிடிக்கப் பாத்து பிடிக்க முடியாம ஒரு மூஞ்சி வச்சிருப்பாரு. கேரளாவுல இன்னைக்கும் மீம் போடற பயலுவ அதைத்தான் போடுவானுவ. அந்த சீன்ல ஒரு உண்மை இருக்கு, நடிப்புன்னா என்னன்னு தெரியாதவன் ஸ்டார் ஆகப் போறான், நடிப்பு கரைகண்டவன் அவனுக்கு எடுபிடியா இருக்கப் போறான்.

எனக்கு ஒரு குறையும் இருக்கு, அதையும் சொல்லணும். மீனாவோட கேரக்டர் நடிகை. ஸ்டார், டைரக்டர், ப்ரொட்யூசர், எடுபிடி எல்லாருக்கும் காமெடி இருக்கு, தொழில் இருக்கு. நடிகைக்கு மட்டும் கல்யாணம், சண்டை, பிரிவு, கடைசில சேர்றது. நடிகைகள்கிட்ட இந்தத் தொழில் எப்படி நடந்துக்குதுன்னு கிண்டல் பண்ண எவ்வளவோ இருக்கு. ஹீரோவுக்கு வயசு ஏற ஏற ஹீரோயினுக்கு இறங்குது, அதுல ஒண்ணைக்கூட ஸ்ரீனிவாசன் தொடல. வெள்ளித்திரையில கோபிகாவுக்கும் அதே கதிதான். டூரிங் சொன்ன மாதிரி ஹீரோ மேல படக்கூடாதுன்னா நடிகை பக்கம் திரும்பியே பாக்கக்கூடாதுன்னு ஆயிருது.

மாட்டுத்தாவணி:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு.

டூரிங் அண்ணே உங்க பாயிண்டை உடைக்க ரெண்டு படம் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு உத்தம வில்லன், 2015. கமலே மனோரஞ்சன்னு ஒரு ஸ்டாரா வர்றாரு. ஆரம்பத்துலயே வயசுக்குப் பொருந்தாத டூயட்டு, அதுக்கு ரசிகருங்க பண்ற அலப்பறை, மாமனார் ப்ரொட்யூசரா இருந்து (கே.விஸ்வநாத்) மாப்பிள்ளை என்ன படம் நடிக்கணும்னு முடிவு பண்றது, எல்லாமே தொழிலுக்குள்ள நடக்கற விஷயம். குருவா பாலசந்தரே வர்றாரு. இதை விட ஒரு ஸ்டார் தன்னைத்தானே எப்படிக் கிண்டல் பண்ணுவாரு?

ரெண்டாவது குசேலன். அதுவும் ஸ்ரீனிவாசன் கதைதான், மலையாளத்துல கத பறயும்போள். வெள்ளித்திரை வந்த அதே 2008. ரஜினியே சூப்பர்ஸ்டாரா வர்றாரு, அரசியலுக்கு ஏன் வரலைன்னு ஆர்.சுந்தர்ராஜன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேள்வி மேல கேள்வி கேப்பாரு. ஜெஸி அக்கா சொன்ன சம்மதம் இதுல இருக்குல்ல?

டூரிங்டாக்கீஸ்:

குசேலனை எடுத்துக்கிட்டது ரொம்ப நல்லதாப் போச்சு, நான் சொல்ல வந்ததுக்கே அது பலம். மலையாளத்துல அந்தக் கதை முடிதிருத்தறவனோட கதை. ஸ்டாரோட பழைய சிநேகிதன், ஆனா போய்ப் பாக்கக் கூச்சப்படறான். மம்மூட்டி கொஞ்ச நேரம்தான் வருவாரு, கடைசிப் பேச்சுல மொத்த படத்தையும் தூக்கிட்டுப் போயிடுவாரு. தமிழ்ல பசுபதி பண்ண ரோல் அது, எவ்வளவு நல்லா பண்ணியிருந்தாரு! ஆனா ரஜினி உள்ள வந்ததும் ரஜினி படம்னு வியாபாரம் பேசி, சீன் சேத்து, பாட்டு சேத்து, ரஜினி படம்னு எதிர்பாத்து வந்தவன் ஏமாந்து போனான், தியேட்டர்காரங்க நஷ்டம்னு பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்னாங்க. கிளாப்போர்டு சொன்ன அந்தச் சங்கிலி இருக்குல்ல, டேட்ஸ், ஏரியா வியாபாரம்னு, அது கதையையே முழுங்கிருச்சு. ஸ்டாரைப் பத்தின கதைக்கே இது நடந்திருக்கு. சுந்தர்ராஜன் சீன் மட்டும் நீங்க சொன்ன மாதிரி தனியா நிக்குது, அதுல ரஜினி காட்டுன தைரியத்துக்கு மரியாதை உண்டு.

உத்தம வில்லன் எனக்கு நெருக்கமான படம். அந்த ஓப்பனிங் பாட்டும், தியேட்டர்ல ரசிகருங்களை அவர் பாக்கற பார்வையும் நம்ம ஊர்ல யாரும் பண்ணாதது, என் பாயிண்டுக்கு விதிவிலக்குன்னு இருந்தா அது அந்த முதல் அரை மணி நேரம்தான். அதுக்கப்புறம் படம் சாகப்போற மனுஷனோட கணக்குத் தீர்க்கறதா மாறிடுது, நாம அழறோம். அழ வச்ச பிறகு கிண்டல் எங்க நிக்கும்? உதயனாணு தாரத்துல மோகன்லாலுக்காக யாரும் அழல, சிரிச்சுக்கிட்டே கோவப்பட்டோம்.

கிளாப்போர்டு:

அந்தக் கோவத்தைக் கடைசிவரைக்கும் கொண்டு போனாங்களாங்கறதுதான் என் கேள்வி. உதயனாணு தாரம் எப்படி முடியுது, சரோஜ்குமார் ப்ரிவ்யூல உக்காந்து படத்தைப் பாக்கறான், தனக்கே தெரியாம தான் நடிச்சதைப் பாக்கறான், மனசு மாறிடறான். பௌஃபிங்கர்ல யாரும் திருந்தல, படம் ஓடுது, எல்லாரும் அடுத்த படத்துக்குப் போயிடறாங்க. தொழில் அப்படித்தான் இருக்கு. ஸ்டார் திருந்திட்டா எல்லாம் சரியாயிடும்னு முடிக்கறப்போ, கதை யாருதுன்னு கேக்காம வாங்குன ப்ரொட்யூசர் தப்பிச்சுப் போயிடறாரு. அவருக்கு ஒரு சீன் வச்சிருக்கணும். அந்த முதல் ஸ்கிரிப்டுக்கு உதயன் பேர் கடைசிவரைக்கும் எங்கயும் வந்த மாதிரி எனக்குத் தோணல. புதுப்படத்துல அவன் டைரக்டர் ஆயிட்டான், பழசை விட்டுட்டாங்க. எனக்கு அது ஆறவே மாட்டேங்குது.

நாஞ்சில்ஜெஸி:

அந்த ப்ரிவ்யூ சீன்ல நான் திருந்தலைப் பாக்கல தம்பி. சரோஜ்குமார் அதுல முதல்தடவையா நல்லா நடிச்சிருக்கான், பச்சாளம் சொல்லிக்குடுத்த ரசம் ஒண்ணுமே இல்லாம, பயந்து ஓடற மனுஷனா. கேமரா இருக்குன்னு தெரியாததால அவன் மூஞ்சில ஸ்டார் இல்ல. அதைத் திரையில பாத்ததும் ஆடிப்போறான். நடிகன் ஒருத்தனுக்கு அதை விடப் பெரிய தண்டனை என்ன குடுக்கணும்ங்கீங்க? ஆனா ப்ரொட்யூசர் பத்தி நீங்க கேக்கறதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல. அந்த முதல் படத்து டைட்டில் கார்டுல கதைன்னு யார் பேர் வந்துச்சுன்னு ஒரு ஷாட் வச்சிருந்தாக்கூடப் போதும்.